ரயிலையே விட்டவன் சைக்கிளுக்கு ஓடுவானா?

வாசகியின் கடிதம்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

வணக்கம். அழுதுகொண்டு எழுதும் கடிதங்கள்தான் உங்களுக்கு அதிகம் வரும் என்று நினைக்கிறேன். நான் எழுதுவது எங்கள் வீட்டுச் சிரிப்பைப் பற்றி.

என் கணவருக்கு 53 வயது. ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் மேற்பார்வையாளராக இருக்கிறார். நாலு பேர் கூடிவிட்டால் போதும், கூட்டம் அவரைச் சுற்றித்தான். "அந்தக் கதையைச் சொல்லுங்க மாமா", "சித்தப்பா, அந்தக் குறட்டை!" என்று சின்னப் பிள்ளைகள் வந்து கையைப் பிடித்து இழுப்பார்கள். அவர் சொல்வதெல்லாம் வாழ்க்கையில் தான் கோட்டை விட்ட கதைகள். தேடி வந்த வாய்ப்பை எப்படி வேண்டாம் என்றார், எது எப்படிக் கை நழுவிப் போனது என்பதை அவ்வளவு சுவையாகச் சொல்வார்.

மொத்தம் மூன்று கதைகள். முதல் கதை அவருடைய 22 வயதில் நடந்தது. கூடப் படித்த நண்பர் ஒருவர் சின்ன அறை ஒன்றை வாடகைக்கு எடுத்து, கம்ப்யூட்டர் தொழில் தொடங்கப் போவதாகச் சொல்லி இவரையும் கூட்டுக்குக் கூப்பிட்டார். இவர் சொன்ன பதில்: "வீட்டில டிவி பெட்டி வைக்கவே இடம் இல்லை, இன்னொரு பெட்டியை எவன்டா வாங்குவான்? போய் உருப்படியா ஒரு வேலையைத் தேடு." சொன்னதோடு நிற்காமல், நண்பருக்கு ஒரு வேலை விண்ணப்பத்தையும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். இன்று அந்த நண்பரின் நிறுவனத்தில் பல நூறு பேர் வேலை பார்க்கிறார்கள். "ஒரு தடவை பார்க்கப் போனேன். வரவேற்பில் அரை மணி நேரம் உட்கார வெச்சாங்க. எதிரே அந்தப் பெட்டிகள் வரிசையா உட்கார்ந்திருந்தது. எல்லாம் என்னையே பார்த்த மாதிரி இருந்தது" என்று முடிப்பார்.

இரண்டாவது, பாட்டுக் கதை. அவருக்கு நல்ல குரல். வானொலியில் குரல் தேர்வுக்கு அழைப்பு வந்து போயிருக்கிறார். வரிசையில் முன்னால் நின்றவர் தொண்டையைச் செருமிய செருமலில் இவருக்கு நெஞ்சு படபடத்துவிட்டது. பின்னால் நின்றவரிடம், "நீங்க முன்னாடி போங்க சார், இதோ வரேன்" என்று இடத்தைக் கொடுத்துவிட்டு வெளியே போனவர், அப்படியே வீடு வந்து சேர்ந்துவிட்டார். அந்தப் பின்னால் நின்றவர் தேர்வாகி வருஷக்கணக்கில் வானொலியில் பாடினாராம். "என் இடத்தில நின்னு பாடினவர். அதனால பாதிப் பாட்டு என்னுது" என்பார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

மூன்றாவது கதைக்காகத்தான் இந்தக் கடிதம். இருபது வருஷத்துக்கு முன்னால், அவர் வேலை பார்த்த இடத்திலிருந்து எட்டு மாத வெளிநாட்டுப் பயிற்சிக்கு அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். சம்மதக் கடிதத்தைக் குறிப்பிட்ட நாளுக்குள் தபாலில் சேர்க்க வேண்டும். கதை இப்படிப் போகும்: கடைசி நாள், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு "அஞ்சு நிமிஷம்" என்று கட்டிலில் சாய்ந்தார். முழித்தபோது ஜன்னலில் வெயில் இல்லை. உறையைத் தூக்கிக்கொண்டு ஒரு கால் செருப்போடு ஓடினார். தபால் நிலையத்து ஷட்டர் மூக்குக்கு நேராக இறங்கியது. "விமானம் ஏற வேண்டியவன் கட்டில்ல ஏறிட்டேன்." இந்த இடத்தில் ஒரு குறட்டை விடுவார். அந்தக் குறட்டைக்குத்தான் பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

இந்தக் கதை பொய்.

அன்று அவர் தூங்கவே இல்லை. அதற்கு முந்தைய பல நாட்களும் தூங்கவில்லை. நான் ஆறு மாதக் கர்ப்பம். திடீரென்று ரத்தப்போக்கு ஏற்பட்டு 11 நாள் மருத்துவமனையில் கிடந்தேன். குழந்தை தங்குமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வார்டுக்கு வெளியே ஒரு இரும்பு பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். சம்மதக் கடிதத்தின் கடைசி நாள் அந்த 11 நாளுக்குள் வந்து போனது. குழந்தை தங்கியது. அவனுக்கு இப்போது 20 வயது.

முதல் இரண்டு கதைகளிலும் ஒவ்வொரு தடவையும் ஏதாவது புதிதாகச் சேர்ப்பார். செருமியவருக்கு ஒரு தடவை மீசை இருக்கும், அடுத்த தடவை குடை இருக்கும். மூன்றாவது கதையில் மட்டும் ஒரு வார்த்தைகூட மாறாது. அதே அஞ்சு நிமிஷம், அதே ஒரு கால் செருப்பு, அதே குறட்டை.

போன மாதம் காப்பீட்டுப் பத்திரம் தேடி அலமாரியைக் குடைந்தபோது, அடியில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் அந்தத் தேர்வுக் கடிதம் இருந்தது. நாலாக மடித்து மடித்து, மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்து போயிருக்கிறது. கிழிந்த இடத்தில் டேப் ஒட்டியிருக்கிறார். பழைய டேப் பழுப்பேறி உதிர்ந்துவிட்டது. அதன் மேல் ஒட்டியிருந்த டேப் பளபளவென்று புதிதாக இருந்தது. அதைப் பார்த்த பிறகு என்னால் அந்தக் குறட்டைக்குச் சிரிக்க முடியவில்லை.

அடுத்து இரண்டு விஷயங்கள் நடந்தன. அவரிடம் முன்பு வேலை கற்ற ஒருவர், இளைஞர்களுக்கு இயந்திரப் பராமரிப்பு கற்றுத்தரும் பயிற்சி மையம் நடத்துகிறார். வாரம் இரண்டு மாலை வந்து பாடம் எடுக்கும்படி இவரைக் கேட்டிருக்கிறார். சொல்லிக்கொடுப்பதென்றால் அவருக்கு உயிர். ஆனால் சொன்ன பதில்: "ரயிலையே விட்டவன், இனிமே சைக்கிள் பின்னாடியா ஓடுவேன்?" எல்லாரும் சிரித்தார்கள், பேச்சு முடிந்துவிட்டது. அந்த மையம் பதிலுக்கு இன்னும் 12 நாள் காத்திருக்கும்.

இன்னொன்று மகன் விஷயம். கல்லூரியில் ஒரு பயிற்சித் திட்டத்துக்கு அவன் பெயர் வந்திருந்தது. பதில் அனுப்பாமல் விட்டுவிட்டான். ஏன்டா என்று கேட்டால், "தூங்கிட்டேன்னு சொல்லிக்கலாம்மா, நான் அப்பா பிள்ளைதானே" என்று சிரிக்கிறான். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அவர் முகத்தை நான் பார்த்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

நான் என்ன செய்ய வேண்டும்? அந்தக் கதையைச் சொல்லாதீர்கள் என்று தடுக்கலாமா? எல்லாரும் சிரிக்கும்போது நான் மட்டும் சும்மா இருந்தால் அவர் மனசு நோகாதா? மகனிடம் உண்மையைச் சொல்லலாமா? இந்தப் பயிற்சி மையத்து வாய்ப்பும் சிரிப்பிலேயே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஒன்றை மட்டும் எழுதாமல் முடித்தால் கடிதம் முழுமையாகாது. அன்று மருத்துவமனையில் நான் அவரைப் "போங்க" என்று சொல்லவில்லை. "போகாதீங்க" என்றும் சொல்லவில்லை. பிடித்த கையை மட்டும் விடவில்லை.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி


ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை அந்தப் பாட்டுக் கதையில் வாய்விட்டே சிரித்தேன். இரண்டாவது முறை கடைசி வரியிலிருந்து தொடங்கிப் படித்தேன். என் பதிலும் அங்கே போய்த்தான் சேரும். அதற்கு முன் சில விஷயங்களைப் பேசிவிடலாம்.

உங்கள் கணவரின் சிரிப்பைக் கண்டு பயப்படாதீர்கள். நகைச்சுவையை ஆராய்ந்த உளவியலாளர் ராட் மார்ட்டினும் அவரது குழுவினரும் 2003-இல் அதை நான்கு பாணிகளாகப் பிரித்தார்கள். அவற்றில் இரண்டு உங்கள் வீட்டுக்குப் பொருந்தும். ஒன்று, வாழ்க்கை தரும் அடியைத் தாங்கிக்கொள்ள அதில் ஒரு வேடிக்கையைக் கண்டுபிடிப்பது. இது மனசுக்குத் தெம்பு தரும். இன்னொன்று, மற்றவர்கள் சிரிப்பதற்காகத் தன்னைத் தானே மட்டம் தட்டிக்கொள்வது. இந்த இரண்டாவது பாணியில் அதிகம் போகிறவர்களிடம் மனச்சோர்வும் தன்மதிப்புக் குறைவும் கூடுதலாகக் காணப்படுகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே சிரிப்புதான். ஒரே மனிதர் ஒரே மாலையில் இரண்டையும் செய்யலாம்.

அப்படியானால் எது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? நீங்களே கண்டுபிடித்து எழுதிவிட்டீர்கள், சகோதரி. செருமியவருக்கு ஒரு நாள் மீசை, ஒரு நாள் குடை. மனசில் ஆறிப்போன விஷயத்தை மனிதர் தாராளமாகக் கையில் எடுத்து விளையாடுவார். புண் இன்னும் இருக்கிற இடத்தில் கை போகாது. மூன்றாவது கதை இருபது வருஷமாக ஒரு எழுத்து மாறாமல் இருப்பதை, மனப்பாடம் செய்த வாக்குமூலமாகத்தான் நான் பார்க்கிறேன். மாற்றிச் சொன்னால் எங்கே உண்மை எட்டிப் பார்த்துவிடுமோ என்று காவல் காக்கிற கதை அது. முதல் இரண்டு கதைகளையும் அவர் ஆசை தீரச் சொல்லட்டும். நீங்களும் ஆசை தீரச் சிரியுங்கள். அவற்றை நிறுத்தச் சொல்ல எந்தக் காரணமும் இல்லை.

அவர் ஏன் இந்த ஒன்றை ஆற விடவில்லை என்பதற்கு வருகிறேன். தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1990-களில் மனிதர்களின் வருத்தங்களை ஆராய்ந்தார்கள். சமீபத்திய நாட்களை எடுத்துக்கொண்டால், செய்த தவறுதான் நம்மை அதிகம் குத்துகிறது. மொத்த வாழ்க்கையையும் திரும்பிப் பார்க்கச் சொன்னால் நிலைமை தலைகீழ். 1994-இல் வெளியான அவர்களது ஆய்வில், கேட்கப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் தாங்கள் செய்யாமல் விட்டதைத்தான் பெரிய வருத்தமாகச் சொன்னார்கள். ஏன் அப்படி என்பதற்கு அவர்கள் தரும் விளக்கங்களில் இரண்டு உங்கள் கணவருக்கு அப்படியே பொருந்தும்.

ஒன்று, செய்த காரியத்துக்கு விளைவு இவ்வளவுதான் என்று ஒரு கோடு விழுந்துவிடும். செய்யாத காரியத்துக்கு அந்தக் கோடு கிடையாது. அவர் பயிற்சிக்குப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்கு எல்லையே இல்லை. பதவி உயர்ந்திருக்கலாம், வேறு நாட்டில் குடியேறியிருக்கலாம், எதுவும் ஆகியிருக்கலாம். கற்பனை வருஷா வருஷம் வட்டி போட்டுக்கொண்டே போகும். அந்த எட்டு மாதத்தில் வந்திருக்கக்கூடிய தனிமை, நோய், ஏமாற்றம் எதுவும் அந்தக் கணக்கில் ஏறாது.

இரண்டாவது விளக்கம் இதைவிட முக்கியம். அன்று நம்மைத் தடுத்து நிறுத்திய காரணங்களின் கனம் நாளாக ஆகக் குறைந்துவிடும். 'அப்போதே செய்திருக்கலாம், பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை' என்று இன்று தோன்றும். அன்று மலையாக நின்றது இன்று மண்மேடாகத் தெரியும். சாதாரண மனிதருக்கு இது தானாக நடக்கும். உங்கள் கணவர் விஷயத்தில் இது இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. அவர் அன்றைய காரணத்தைத் தன் கையாலேயே கதையிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு தூக்கத்தைப் போட்டுவிட்டார். 20 வருஷம் நூறு தடவை, இருநூறு தடவை அதைச் சொல்லியிருப்பார். சொல்லச் சொல்ல என்ன ஆகும்? அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்த 33 வயது மனிதர் மறைந்துபோய், கட்டிலில் குறட்டை விடும் ஒரு சோம்பேறி அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவார். தான் ஒரு முடிவு எடுத்தவர் என்பதே அவருக்கு மறந்துபோகலாம்.

இந்த இடத்தில் உலகம் அறிந்த ஒருவரைச் சொல்ல வேண்டும். ஆப்பிள் நிறுவனத்தை 1976 ஏப்ரல் 1 அன்று மூன்று பேர் சேர்ந்து தொடங்கினார்கள். மூன்றாவது ஆள் ரொனால்ட் வேன். அவருக்குப் பத்து சதவீதப் பங்கு. பன்னிரண்டாவது நாளே அதை 800 டாலருக்கு விட்டுக்கொடுத்து விலகிவிட்டார். இன்று அவர் பெயரைச் சொன்னாலே 'கோட்டை விட்டவர்' என்று சிரிக்கிறார்கள். ஆனால் அன்றைய நாளுக்குப் போய்ப் பாருங்கள். அவருக்கு வயது 41. ஏற்கெனவே சொந்தமாகத் தொழில் செய்து கைசுட்டுக்கொண்டவர். அது கூட்டாண்மை நிறுவனம், கடன் வந்தால் பங்குதாரர்களின் சொந்தச் சொத்தில் கை வைப்பார்கள். மற்ற இருவரும் இருபதுகளில் இருந்த இளைஞர்கள். கடன்காரர்கள் வந்தால் எடுத்துக்கொள்ள ஏதாவது இருந்தது இவர் ஒருவரிடம்தான். அன்று தெரிந்ததை வைத்துச் சரியான முடிவைத்தான் எடுத்தேன் என்று பிற்பாடு பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார். அவர் சொல்வது எனக்கு நியாயமாகப் படுகிறது. அன்றைக்கு யார் கையிலும் இன்றைய செய்தித்தாள் இல்லை.

வாய்ப்பை மறுத்தவர் முட்டாள் என்று முடிவு கட்ட நாம் எல்லாரும் அவசரப்படுகிறோம். முடிவு தெரிந்த பிறகு, 'இது முன்பே தெரிந்ததுதானே' என்று நினைக்க வைப்பது மனசின் பழக்கம். பாரூக் ஃபிஷாஃப் என்ற உளவியலாளர் 1975-லேயே இதைச் சோதனைகளில் காட்டிவிட்டார். உங்கள் கணவர் நண்பரிடம் சொன்ன அந்த "எவன்டா வாங்குவான்" பதில்கூட, அந்தக் காலத்தில் அவரைப் போன்ற பலரும் சொல்லக்கூடிய பதில்தான். சரி, அது ஆறிவிட்டது, விட்டுவிடுவோம்.

இப்போது சைக்கிள் விஷயம். இதைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம், ஏனென்றால் இதற்கு நாள் குறித்திருக்கிறார்கள். ஒரு நல்ல வாய்ப்பைத் தவறவிட்டவர், அதே வகையில் அதைவிடச் சிறிய வாய்ப்பு அடுத்து வந்தால், அது தன்னளவில் நல்லதாகவே இருந்தாலும் தள்ளிவிடுவது உண்டு. 1995-இல் ஓரிட் டைகோசின்ஸ்கியும் உடன் ஆய்ந்த இருவரும் இதை ஆய்வு செய்து வெளியிட்டார்கள். பெரிய தள்ளுபடி ஒன்றைத் தவறவிட்டவர்களிடம் பிறகு சிறிய தள்ளுபடியைக் காட்டினால், வழக்கமான விலையைவிட அது குறைவு என்று தெரிந்தும் வேண்டாம் என்கிறார்கள். சின்ன வாய்ப்பை மட்டுமே தவறவிட்டவர்களிடம் இந்தத் தயக்கம் குறைவு. காரணம் என்னவாக இருக்கும்? இதை வாங்கினால் அதை விட்டது ஞாபகம் வரும், வலிக்கும். வலியைத் தவிர்க்க வாய்ப்பையே தவிர்க்கிறோம்.

"ரயிலையே விட்டவன்" என்பதற்கு இதுதான் பொருள். அவர் அந்தப் பயிற்சி மையத்தை எடைபோட்டுப் பார்த்து வேண்டாம் என்று சொல்லவில்லை. இருபது வருஷத்துக்கு முந்தைய விமானத்துக்குப் பக்கத்தில் அதை நிறுத்தி வைத்துப் பார்த்தார், அது சைக்கிளாகத் தெரிந்தது. அவருடைய இப்போதைய ஒரு சாதாரண வாரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எப்படித் தெரியும்? சொல்லிக்கொடுப்பதென்றால் உயிர் என்கிறீர்கள். அப்படியானால் வாரத்தில் இரண்டு மாலை அவருக்குப் பிடித்த வேலை. கேட்டு வந்திருப்பவர் அவரிடமே தொழில் கற்றவர். இதைவிடப் பெரிய சான்றிதழ் என்ன வேண்டும்? அவரிடம் பேசும்போது "அந்தப் பழையதை மறந்துட்டு இதை எடுத்துக்கோங்க" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் மறுபடியும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த மாதிரி ஆகிவிடும். "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டில என்ன செய்வீங்க, அங்க போனா என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். அவ்வளவு சின்னதாக, அவ்வளவு கிட்டத்தில் வைத்துக் கேளுங்கள். ஒரு மாதம் மட்டும் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அவர் அந்த மையத்திடம் பேச முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். போவதற்கும் ஒரு வாசல், வருவதற்கும் ஒரு வாசல் இருந்தால் கால் எளிதாக எழும்.

இதெல்லாம் இரண்டாவது பேச்சு. முதல் பேச்சு வேறு.

உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். பிடித்த கையை மட்டும் விடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வது போல எழுதியிருக்கிறீர்கள். சகோதரி, குழந்தை தங்குமோ தங்காதோ என்று படுத்திருக்கும் ஒரு பெண் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது குற்றம் இல்லை. அவர் அதை உதறிவிட்டுப் போகாததும் ஏமாளித்தனம் இல்லை. உங்கள் இருவருக்கும் இடையில் இருபது வருஷமாக ஒரு மௌனம் இருக்கிறது. நீங்கள் குற்ற உணர்ச்சியோடு இருக்கிறீர்கள். அவர் அந்தத் தூக்கக் கதையை ஏன் கட்டினார் என்று யோசித்துப் பார்த்தீர்களா? அந்தப் பயிற்சி எங்கே போயிற்று என்று ஊரில் யாராவது கேட்டிருப்பார்கள். உண்மையைச் சொன்னால் எல்லார் பார்வையும் உங்கள் பக்கம், உங்கள் வயிற்றின் பக்கம் திரும்பும். அதை வர விடாமல் அவர் தன்னைச் சோம்பேறி ஆக்கிக்கொண்டிருக்கலாம். அவர் மனசுக்குள் புகுந்து பார்க்க என்னால் முடியாது. ஆனால் இவ்வளவு வேடிக்கையாகக் கதை சொல்லத் தெரிந்த மனிதர், உங்கள் பெயரையோ பிள்ளை பெயரையோ அந்தக் கதையில் ஒரு தடவைகூட வர விடவில்லை. அது தற்செயலாக நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதனால் முதல் பேச்சு அந்த 11 நாளைப் பற்றியது. நீங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது, வேறு யாரும் வர வாய்ப்பில்லாத நேரத்தில் தொடங்குங்கள். எதிரெதிரே உட்கார்ந்து பேச அவருக்குச் சங்கடமாக இருந்தால் சேர்ந்து நடந்துகொண்டே பேசுங்கள். ஆண்கள் பலருக்குப் பக்கத்தில் நடக்கும்போது வருகிற வார்த்தை, முகத்தைப் பார்த்தால் வராது. அலமாரியிலிருந்து கடிதத்தை எடுத்து வந்து சாட்சி மாதிரி அவர் முன்னால் வைக்காதீர்கள். "பத்திரம் தேடும்போது அந்த லெட்டரைப் பார்த்தேன். புது டேப் ஒட்டியிருக்கீங்க" என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள். எனக்கு எழுதிய அந்த வரியையே அவரிடம் சொல்லலாம். அப்புறம் ஒரு கேள்வி: "அந்த பெஞ்சில உட்கார்ந்திருந்தப்போ என்ன நினைச்சீங்க?"

அவர் முதலில் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார். அது வந்தால் கோபப்படாதீர்கள், நீங்களும் லேசாகச் சிரித்துவிட்டுக் காத்திருங்கள். இரண்டாவது பதில் கொஞ்சம் தாமதமாக வரும். அவருக்கு வருத்தமே இல்லை என்று அவர் வாயால் வரவழைக்க வேண்டும் என்று மட்டும் நினைக்காதீர்கள். வருத்தம் இருக்கும். ஒருவர் சரியானதைத் தேர்ந்தெடுத்திருக்கலாம், இழந்ததற்காக வருந்தவும் செய்யலாம். இரண்டும் ஒரே மனசில் இருக்க இடம் உண்டு. பிள்ளையையும் உங்களையும் நேசிப்பதால் அந்த எட்டு மாதத்தை அவர் ஆசைப்பட்டிருக்கக் கூடாது என்று இல்லை. "போயிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்" என்று அவர் சொன்னால், "ஆமாம், நல்லாத்தான் இருந்திருக்கும்" என்று நீங்களும் சொல்லுங்கள். அவருக்கு அப்படிச் சொல்ல ஓர் ஆள்கூட இதுவரை கிடைக்கவில்லை.

மகனிடம் உண்மையைச் சொல்லலாமா என்று கேட்டீர்கள். சொல்ல வேண்டும், ஆனால் நீங்கள் சொல்லக் கூடாது, அவருக்குத் தெரியாமல் கண்டிப்பாகக் கூடாது. அது அவருடைய கதை. 'உன்னால்தான் போகவில்லை' என்ற தொனி ஒரு துளிகூட அதில் வந்துவிடக் கூடாது. 20 வயதுப் பிள்ளையின் தலையில் அந்தச் சுமையை ஏற்றினால் அவன் வாழ்நாளெல்லாம் அதைத் தீர்க்கப் பார்ப்பான். "என் கையில் அன்னைக்கு இரண்டு இருந்தது. ஒன்னை நான் எடுத்தேன். இன்னொன்னை விட்டேன்" என்று அவர் தன் முடிவாகச் சொன்னால் போதும். அவன் அதை வேறு விதமாகக் கேட்பான். தூங்கிப்போய் எல்லாவற்றையும் விடுகிற குடும்பம் இது என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். அவனுடைய அப்பா கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்தவர் என்று அவனுக்குத் தெரிய வேண்டாமா? மகன் அன்று சொன்ன பதிலுக்கு அப்பாவின் சிரிப்பு பாதியில் நின்றது என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்லத் தேவை இருக்கிறது என்று அவருக்கே அந்த நொடியில் உறைத்திருக்கும். அவனுடைய பயிற்சித் திட்டத்தில் இன்னும் வழி இருக்கிறதா என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு நாலு வரி, அவ்வளவுதான்.

அடுத்த முறை கூட்டத்தில் பிள்ளைகள் குறட்டை கேட்டால் என்ன செய்வது? நீங்கள் வலுக்கட்டாயமாகச் சிரிக்க வேண்டாம், முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் வேண்டாம். பாட்டுக் கதையைக் கேளுங்கள். "குடை வெச்சிருந்தாரே, அவரைப் பத்திச் சொல்லுங்க" என்று நீங்களே எடுத்துக் கொடுங்கள். அவருக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும், கூட்டத்துக்கும் சிரிப்பு கிடைக்கும்.

ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். தூக்கம் கெடுவது, பசி குறைவது, முன்பு பிடித்த எதிலும் மனசு ஒட்டாமல் போவது, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று கூட்டம் இல்லாத நேரத்திலும் சொல்லிக்கொள்வது, இவை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து இருந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். உயிரை வெறுத்துப் பேசினால் இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றே அழைத்துப் போங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை, ஆனாலும் புது டேப் ஒட்டுகிற கை தனியாக எவ்வளவு நேரம் அந்தக் கடிதத்தோடு உட்கார்ந்திருந்தது என்று நமக்குத் தெரியாது.

12 நாள் இருக்கிறது. முதல் இரண்டு மூன்று நாளுக்குள் அந்தப் பேச்சைத் தொடங்கிவிடுங்கள். அதன் பிறகு மையத்தின் அழைப்பைப் பற்றிப் பேசுங்கள், மீதி நாளை அவரிடம் விட்டுவிடுங்கள். யோசித்துப் பார்த்து அவர் வேண்டாம் என்று சொல்லலாம், அது அவர் உரிமை. உடம்பு களைப்பாக இருக்கலாம், மாலை நேரத்தை வீட்டில் கழிக்க விரும்பலாம். எதைச் சொன்னாலும், ஏன் என்பதை ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு, அந்தப் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே வைக்கச் சொல்லுங்கள். பிற்பாடு யார் கேட்டாலும் எடுத்துக் காட்ட அது இருக்கட்டும்.

அன்புடன்,
ஆலோசகர்